மல்லின் செடி: விதையை மண்ணுல புதைச்சா முளைக்காது

கேள்வி இதுதான்: டெட்ராய்ட் பக்கம் வீடு வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு, இருமலுக்கு நல்லதுன்னு ஏதோ ரீல்ஸ் பாத்து மல்லின்னு (mullein) ஒரு செடியோட விதை வாங்கி தொட்டில மூணு தடவ போட்டாச்சு, ஒண்ணு கூட முளைக்கல, விதை மட்டமா இல்ல எனக்குக் கைராசி இல்லையா, அப்படியே முளைச்சாலும் ரெண்டு வருஷத்துல செத்துடும்னு சொல்றாங்களே அது நெசமா, மதுரைல இருக்கிற அம்மாவுக்கு கொஞ்சம் விதை குடுத்து விடலாமா. எல்லாத்துக்கும் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

கைராசி எல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நீங்களே எழுதியிருக்கீங்க, விரலால குழி போட்டு அரை இஞ்ச் ஆழத்துல வச்சு மேல மண்ணை மூடி தினமும் தண்ணி ஊத்தினேன்னு. அவரை விதைக்கு அது சரி. மல்லின் விதை கசகசாவை விட பொடிசு, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, அதுக்கு வெளிச்சம் பட்டாதான் முளைக்கணும்ங்கற சிக்னலே கிடைக்கும். மண்ணுக்குள்ள போயிட்டா "சரி நேரம் வரல"ன்னு தூங்கிடும். செத்துடாது, தூங்கும். இந்தத் தூக்கத்தைப் பத்தி அப்புறம் சொல்றேன், நம்ம மிச்சிகன்லயே அதுக்கு ஒரு கதை இருக்கு.

எனக்கு இந்தச் செடி எப்படி பழக்கம்னா, இங்க வந்த புதுசுல நாங்க இருந்த அபார்ட்மெண்டுக்குப் பின்னாடி ஒரு சரளைக்கல் மேடு, அதுல சாம்பல் கலர்ல பெரிய பெரிய இலையோட ஒண்ணு நின்னுச்சு. நான் தேனி பக்கம், தூரத்துல இருந்து பாத்ததும் எருக்குன்னுதான் நெனச்சேன், இந்தக் குளிர்ல எருக்கான்னு ஆச்சரியமாப் போய் கிட்ட பாத்தா இலை முழுக்க கம்பளி. கிள்ளிப் பாத்தேன், பால் வரல. அடுத்த வருஷம் அதே செடி என்னை விட உயரமா ஒரு தண்டு விட்டு மஞ்சப் பூவா நின்னுச்சு. பேரு மல்லின்னு பக்கத்து வீட்டுத் தாத்தா சொன்னாரு. மல்லிக்கும் முல்லைக்கும் சொந்தம் மாதிரி பேரு, வாசம் பாத்தா ஒண்ணும் பெருசா இல்ல. தாவரவியல்ல வெர்பாஸ்கம் தாப்சஸ். சொந்த ஊர் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, ஆசியா, நம்ம இமயமலையும் சேத்து. அமெரிக்காவுக்கு ஆளுங்களோட கூட வந்தது, 1700கள் நடுவுல வர்ஜீனியாவுல மீன் புடிக்கறதுக்காகவே கொண்டாந்து போட்டாங்கன்னு சொல்லுவாங்க. விதையில சபோனின் இருக்கு, நம்ம பூந்திக்கொட்டைல நுரை வருமே அதே சமாச்சாரம், இடிச்சு குட்டைத் தண்ணில கலந்தா மீனுக்கு மூச்சு முட்டி மேல மிதக்கும். 1839லயே மிச்சிகன்ல இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்க, 1876ல பசிபிக் கரை வரைக்கும் போயிடுச்சு. அதனால இதை வளர்க்கறது கஷ்டம்னு யாராவது சொன்னா சிரிப்பு வருது, நெடுஞ்சாலை ஓரத்துல ஜல்லில உப்புல நிக்குது, அதை நாம தொட்டில வச்சு தாலாட்டித்தான் கொல்றோம்.

சரி விதைப்பு. ஊர்ல கீரை விதை தூவுறப்ப மணலோட கலந்து தூவுவாங்கல்ல, அதே டெக்னிக்தான். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி காய்ஞ்ச மணல், நல்லா கலந்து, மட்டம் பண்ணி ஏற்கனவே ஈரம் பண்ண மண்ணு மேல தூவுங்க, உள்ளங்கையால லேசா ஒரு அழுத்து, அவ்வளவுதான், மேல எதுவும் போடக் கூடாது. தண்ணி கேன்ல இருந்து ஊத்துனா விதை ஒரு மூலைல ஒதுங்கிடும், ஸ்ப்ரே பாட்டில் வச்சுக்கோங்க, இல்ல தொட்டிய ஒரு தட்டுத் தண்ணில வச்சு கீழ இருந்து இழுக்க விடுங்க. 20 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தா ரெண்டு வாரத்துல பச்சைப் புள்ளி மாதிரி தெரியும். ஃப்ரிட்ஜ்ல வச்சு குளிரூட்டணுமான்னு நிறைய பேரு கேப்பாங்க, தாப்சஸுக்கு அது கட்டாயம் இல்ல, செஞ்சா நஷ்டமும் இல்ல. எனக்குப் பிடிச்ச வழி நவம்பர்ல நேரா வெளிய மண்ணுல தூவிட்டு மறந்துடறது, பனியே மேல உக்காந்து விதையை மண்ணோட ஒட்ட வச்சிடும், வசந்தத்துல அதுவா எழுந்திரிக்கும்.

இடம் தேர்வுலதான் எல்லாம் இருக்கு. வெயில் ஃபுல்லா அடிக்கிற இடம், தண்ணி நிக்காத இடம், முடிஞ்சா ஏழை மண்ணு. கார் நிறுத்துற டிரைவ்வே ஓரம், சரளை கொட்டின மூலை, புல்லு சரியா வராத மேடு, இதெல்லாம் அதுக்கு ராஜ உபசாரம். காம்போஸ்ட் போட்டு உரம் போட்டு கொழுக்க வச்சா இலை பெருசா வரும்தான், ஆனா ரெண்டாம் வருஷம் தண்டு கொழகொழன்னு வளந்து ஜூலை இடி மழைல ஒரு பக்கமா சாஞ்சிடும். நான் ஒரு வருஷம் தக்காளிப் பாத்தில ஒண்ண விட்டேன், ஆறடிக்கு மேல போயி ஒரு காத்துல தக்காளிக் கூண்டோட சேத்து விழுந்துச்சு. அதே சமயம் டிரைவ்வேல தானா முளைச்சது அஞ்சடில கம்பு மாதிரி நிமிந்து நின்னுச்சு, ஒரு குச்சி கூட கட்டல.

தொட்டின்னா ஆழமான தொட்டி, குறைஞ்சது ஒரு அடி ஆழம், அடில ஓட்டை தாராளமா. கடைல விக்கிற பாட்டிங் மிக்ஸ் ஈரத்தை ரொம்ப நேரம் புடிச்சு வச்சுக்கும், அதுல மூணுல ஒரு பங்கு மணலோ பெர்லைட்டோ கலந்துடுங்க. ஆனா நேரா சொல்லணும்னா இது தொட்டிச் செடி இல்ல. ஆணிவேர் கீழ கீழ போற ஜாதி. அதனாலதான் பெருசானப்புறம் இடம் மாத்தினா பொழைக்கறது அபூர்வம். நாலஞ்சு இலை இருக்கறப்பவே மண்ணோட தோண்டி எடுத்து வச்சுடணும். நான் முதல் தடவ அந்த சரளை மேட்டுல இருந்து சாப்பாட்டுத் தட்டு அளவு ஒண்ண தோண்டி எடுத்தேன், பாதி வேரு உள்ள அறுந்து போச்சு, வீட்ல கொண்டாந்து வச்சு தினமும் தண்ணி ஊத்தி ஊத்தி பத்தே நாள்ல குருத்து கறுத்து அழுகிப் போச்சு. வேரு இல்லாத செடிக்குத் தண்ணி ஊத்தினா அது எங்க குடிக்கும்.

தண்ணி விஷயம் முளைச்ச முதல் மாசம் மட்டும்தான் கவனம். அதுக்கப்புறம் மழை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும், மூணு வாரம் சொட்டு மழை இல்லாம இலை துவண்டா ஒரு தடவ நல்லா ஊத்துங்க. ஊத்தறப்ப நடுக்குருத்துல ஊத்தாதீங்க, பக்கத்து மண்ணுல ஊத்துங்க. இலைல இருக்கிற அந்த முடி லென்ஸ் வச்சுப் பாத்தா நேர் முடியா இருக்காது, குட்டி குட்டி மரம் மாதிரி கிளை விட்டு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். வெயிலைத் தடுக்கும், காத்துல ஈரம் போறதைக் குறைக்கும், மேய வர்றதுக்கு வாயெல்லாம் ஒட்டும். நம்ம ஏரியாவுல மான் ஹோஸ்டாவ தின்னும், துலிப்ப தின்னும், ரோஜாவ முள்ளோட தின்னும், இதைத் தொட்டு நான் பாத்ததில்ல. முயலும் அப்படித்தான்.

அடுத்து அந்த ரெண்டு வருஷ சமாச்சாரம். நெசம்தான். முதல் வருஷம் தரையோட தரையா வட்டமா இலை மட்டும் விடும், பூவே வராது. நிறைய பேரு இங்கதான் ஏமாந்து போயி "பூக்கவே இல்ல"ன்னு பிடுங்கிடறாங்க. அந்த வருஷம் முழுக்க அது வேருல சேமிச்சுக்கிட்டு இருக்கு. குளிர்காலம் ஒண்ணு தாண்டினாதான் தண்டு விடணும்ங்கற புத்தி அதுக்கு வரும். குளிருக்கு முன்னாடி அந்த இலை வட்டம் ஒரு சாண் அகலம் கூட வரலன்னா ரெண்டாம் வருஷமும் பூக்காம தள்ளிப் போடும், மூணாம் வருஷத்துல பூக்கும். ஆக ரெண்டு வருஷம்ங்கறது கணக்குதான், சட்டம் இல்ல. மே, ஜூன்ல நடுக்குருத்து மேல எழும்பும், பாத்துக்கிட்டு இருக்கறப்பவே ஆள் உயரம் போகும், அஞ்சாறு அடி சாதாரணம். ஜூன் கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பூ. பூத்து காயாகி விதை முத்தினதும் மொத்தச் செடியும் காஞ்சுடும். வாழை குலை தள்ளினதும் அந்த மரத்தோட வேலை முடிஞ்ச மாதிரி. வாழைக்குப் பக்கக்கன்னு இருக்கு, இதுக்கு அதுவும் கிடையாது, விதை ஒண்ணுதான் வாரிசு. அதனால ஆகஸ்ட்ல இலை பழுத்தா உரம் வாங்க ஓடாதீங்க, நோய் இல்ல அது.

குளிருக்கு என்ன பண்ணணும்னு கேட்டா ஒண்ணும் பண்ண வேணாம். போத்தி வைக்காதீங்க, அதுதான் முக்கியம். நானும் முதல் வருஷம் பாசமா காஞ்ச இலைச் சருகை மேல குமிச்சு வச்சேன், மார்ச்சுல எடுத்துப் பாத்தா அடில கொழகொழன்னு. குளிர் இதைக் கொல்லாது, குளிரோட சேந்த ஈரம் கொல்லும். வெளி இலைங்க பனில தொவண்டு பழுப்பாகும், நடுக்குருத்து மட்டும் முயல் காது மாதிரி மடிச்சு வச்சுக்கிட்டு உயிரோட இருக்கும். ஏப்ரல்ல அந்த அழுகின வெளி இலைகளை மட்டும் கையால எடுத்துப் போட்டா போதும்.

பூ பத்தி ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. தண்டு முழுக்க ஒரே நாள்ல பூக்காது, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு கீழ இருந்து மேல சுத்திக்கிட்டே போகும். ஒரு பூவுக்கு ஒரே நாள் ஆயுசு, விடியறதுக்கு முன்னாடி திறந்து மத்தியானத்துக்கு அப்புறம் மூடிக்கும். அதுக்குள்ள தேனீ வரலன்னா மூடறப்ப தானே மகரந்தத்தை எடுத்துக்கிட்டு காய் புடிச்சிடும். அடுத்தவனை நம்பி இல்ல. காலைல காபியோட ஏழு மணிக்குப் போனீங்கன்னா ஒரு வேடிக்கை பாக்கலாம், கம்பளித் தேனீன்னு ஒண்ணு வரும், கறுப்பும் மஞ்சளுமா குண்டா. பொட்டைத் தேனீ இலைல உக்காந்து வாயால முடியை பரபரன்னு செரைக்கும், செரைச்ச இடம் மட்டும் பச்சையா கோடு விழும், அந்தப் பஞ்சை உருட்டி வயித்துக்கு அடில ஒரு உருண்டையா கட்டிக்கிட்டு கனம் தாங்காம ஒரு பக்கமா சாஞ்சு பறக்கும். அதை வச்சுதான் கூட்டுல குழந்தைக்கு மெத்தை. ஆண் அங்கயே ரோந்து, வேற எந்த தேனீ வந்தாலும் முட்டித் தள்ளும். இதுவும் ஐரோப்பாவுல இருந்து இங்க வந்த ஜாதிதான், வந்த இடத்துலயும் பழைய ஊர்ச் செடியைக் கண்டுபிடிச்சு உக்காந்துருக்கு, நாம கறிவேப்பிலை தேடற மாதிரி.

பூச்சி, நோய்னு பெருசா எதுவும் இல்ல. கோடை கடைசில இலைல வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை வரும், ஏற்கனவே வெள்ளையா இருக்கிற இலைல அதைக் கண்டுபிடிக்கறதே கஷ்டம், விட்டுடுங்க. இங்கிலாந்துல இருந்து படிக்கறவங்களுக்கு மட்டும், அங்க மல்லின் அந்துப்பூச்சின்னு ஒண்ணு இருக்கு, அதோட புழு வெளிர் உடம்புல மஞ்சளும் கறுப்பும் புள்ளி வச்சு அழகாத்தான் இருக்கும், மே, ஜூன்ல ரெண்டே நாள்ல இலையைச் சல்லடை ஆக்கிடும். கையால பொறுக்கிப் போட்டா போதும், மருந்து அடிக்காதீங்க, தேனீ வர்ற செடி.

இப்ப முக்கியமான எச்சரிக்கை, இதை மட்டும் ரெண்டு தடவ படிங்க. இங்க நர்சரில ஃபாக்ஸ்குளோவ்னு ஒரு அழகுச் செடி விப்பாங்க, அதுவும் முதல் வருஷம் இதே மாதிரி தரையோட வட்டமா இலை விடும், ரெண்டாம் வருஷம் நீட்டத் தண்டுல பூக்கும். அது விஷம். இதயத் துடிப்பையே மாத்தற சரக்கு அதுல இருக்கு, டிஜாக்ஸின்னு இதய மருந்து கேள்விப்பட்டிருப்பீங்க, அது இந்த ஃபாக்ஸ்குளோவ் ஜாதில இருந்து எடுத்ததுதான். தோட்டத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்து இலையை மாத்திப் பறிச்சு கஷாயம் போட்டா முடிஞ்சுது கதை. தடவிப் பாத்து கண்டுபிடிக்கலாம்: மல்லின் இலை ரெண்டு பக்கமும் தடிமனா, கம்பளிப் போர்வையை மடிச்ச மாதிரி இருக்கும், ஓரம் கிட்டத்தட்ட நேரா இருக்கும். ஃபாக்ஸ்குளோவ் இலை மேல பச்சையா சுருக்கம் சுருக்கமா, ஓரத்துல பொடிப்பல்லு, திருப்பிப் பாத்தா நரம்பு வலை பின்னின மாதிரி எழும்பித் தெரியும். தண்டு வந்தப்புறம் இன்னும் ஈஸி, மல்லின்ல இலையோட அடிப்பகுதி தண்டோட ஒட்டிக்கிட்டே கீழ வரைக்கும் இறக்கை மாதிரி ஓடும். சந்தேகம்னா பறிக்காதீங்க. எங்க வீட்ல ஃபாக்ஸ்குளோவே வைக்கறதில்ல, அது என் கட்சி.

இலை பறிக்கறதுன்னா முதல் வருஷம் செப்டம்பர்லயோ ரெண்டாம் வருஷம் தண்டு கிளம்பறதுக்கு முன்னாடியோ, வெளி வட்டத்துல இருந்து ஒரு செடிக்கு மூணு நாலு மட்டும். பனித்துளி காஞ்சப்புறம், உச்சி வெயிலுக்கு முன்னாடி. கழுவினா முடி தண்ணியைப் புடிச்சு வச்சுக்கும், அதனால உதறி, மெத்துன பிரஷ்ஷால தூசி தட்டுனா போதும். நடு நரம்பு தடிமனா இருக்கும், அதுதான் கடைசில காயும், மேல மொறமொறன்னு ஆயிடுச்சேன்னு பாட்டில்ல போட்டு மூடினீங்கன்னா ஒரு வாரத்துல உள்ள பூஞ்சை. நரம்பை உரிச்சு எடுத்துட்டு இலையைக் கீறி நிழல்ல காத்தாட காய வைங்க. ரோட்டோரச் செடில பறிக்காதீங்க, அந்த மண்ணுல பழைய காலத்துப் பெட்ரோல் ஈயம் வரைக்கும் எல்லாம் இருக்கும்.

குடிக்கறதுன்னா வடிகட்டற விஷயம்தான் தலையாயது. ஒரு தடவ டீ வடிகட்டில வடிச்சுக் குடிச்சேன், அன்னிக்கு பூரா தொண்டைல யாரோ கம்பளியை வச்சு தேச்ச மாதிரி ஒரு அரிப்பு, இருமலுக்குன்னு குடிச்சு இருமலை வாங்கின கதை. அந்தப் பொடி முடி சாதாரண வடிகட்டில நிக்காது. காபி ஃபில்டர் பேப்பர், இல்ல வேட்டித் துணியை நாலா மடிச்சு வடிங்க. பழைய ஐரோப்பிய வைத்தியத்துல இலை இருமலுக்கு, பூவை ஆலிவ் எண்ணெய்ல ஊற வச்சு காது வலிக்குன்னு காலங்காலமா உபயோகம் இருக்கு. ஆனா ரீல்ஸ்ல சொல்ற மாதிரி நுரையீரலைக் கழுவி விடும், புகை பிடிச்ச கறையை எடுத்துடும்ங்கறதுக்கு எல்லாம் ஆதாரம் கிடையாது. வீசிங் இருக்கறவங்க இன்ஹேலரை தூக்கிப் போட்டுட்டு இதைக் குடிக்கக் கூடாது, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே வேணாம், காது ஜவ்வுல ஓட்டை இருந்தா எண்ணெய் விடவே கூடாது. இலையை சுருட்டி புகைக்கற பழைய வழக்கமும் உண்டு, இருமலுக்குப் புகையான்னு நீங்களே யோசிங்க. விதையை உள்ளுக்கு சாப்பிடவே கூடாது, மீன் கதை ஞாபகம் இருக்கட்டும்.

மதுரை அம்மாவுக்கு விதை வேணாம்ங்க. முதல் காரணம், இந்தியாவுக்குள்ள விதை கொண்டு போறதுக்கு 2003 தாவரத் தடுப்புக்காப்பு உத்தரவு இருக்கு, பெர்மிட், செடி சுகாதாரச் சான்றிதழ்னு நடைமுறை உண்டு, சூட்கேஸ்ல ஜட்டிக்கு நடுவுல சொருகிட்டுப் போற விஷயம் இல்ல அது. ரெண்டாவது, மதுரை வெயில்ல முளைச்சாலும் குளிர்காலம்னு ஒண்ணு வராது, அது இலையோடயே நின்னு ஐப்பசி மழைல அழுகும். இந்தியாவுலயே இது இமயமலைல தானா வளருது, காஷ்மீர், ஹிமாச்சல், உத்தராகண்ட் மலை ரோட்டோரத்துல சகஜம், அங்க கீதட் தம்பாக்குன்னு ஒரு பேரு, குள்ளநரிப் புகையிலைன்னு அர்த்தம். அம்மாவுக்கு இருமலுக்குத்தான்னா வாசல்ல ஆடாதொடையும் தூதுவளையும் கற்பூரவல்லியும் வச்சுக் குடுங்க, மூணும் மதுரை மண்ணுல சொன்ன பேச்சு கேக்கும், பக்குவமும் அவங்களுக்கே தெரியும், நமக்குத்தான் அவங்க சொல்லிக் குடுக்கணும்.

சொந்தம் வேணும்னா நம்ம ஊர்லயும் ஒண்ணு இருக்கு. வெர்பாஸ்கம் குடும்பத்துலயே, வயல் வரப்புலயும் ஆத்து மணல்லயும் மஞ்சப் பூவோட வர்ற ஒரு சின்னக் களைச்செடி. அதோட பழைய தாவரவியல் பேரு செல்சியா கோரமண்டலியானா, நம்ம சோழமண்டலக் கரையோட பேருதான் அது. இப்ப வெர்பாஸ்கம் சைனென்ஸ்னு சொல்றாங்க. கம்பளி இல்ல, ஆள் உயரமும் இல்ல, ஒரு வருஷச் செடி. சின்ன வயசுல நிச்சயம் அதை மிதிச்சுட்டுப் போயிருப்பேன்.

அழகுக்குத்தான் வேணும்னா தாப்சஸை விட நல்ல ஜாதிங்க இருக்கு. துருக்கிப் பக்கத்து ஒலிம்பிக்கம், தண்டு மெழுகுவர்த்திக் கொத்து மாதிரி கிளை விடும், இடம் மூணடி குடுக்கணும். பாம்பிசிஃபெரம் முழுக்க வெள்ளிக் கலர். பல வருஷம் இருக்கணும்னா சாக்ஸியைன்னு ஒண்ணு இருக்கு, அது வருஷா வருஷம் அதே வேருல இருந்து வரும். ஊதா வேணும்னா ஃபீனிசியம். கடைல பேரு வச்சு விக்கிற கலப்பினங்க விதைல அதே மாதிரி வராது, குளிர்காலத்துல வேரைத் துண்டு போட்டு நட்டாதான் அதே செடி.

இப்ப அந்தத் தூக்கக் கதை. நம்ம ஈஸ்ட் லான்சிங்ல, இன்னிக்கு மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியா இருக்கிற காலேஜ்ல வில்லியம் ஜேம்ஸ் பீல்னு ஒரு பேராசிரியர், 1879ல 20 பாட்டில் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் ஈர மணலோட இருபதுக்கும் மேல களை ஜாதிகள்ல ஜாதிக்கு 50 விதை போட்டு, தண்ணி தங்கக் கூடாதுன்னு வாயைக் கீழ சாய்ச்சு மண்ணுல புதைச்சாரு. களை விதை எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்னு விவசாயிக்கு சொல்லணும், அதுதான் கேள்வி. முதல்ல 5 வருஷத்துக்கு ஒரு பாட்டில், அப்புறம் 10, இப்ப 20 வருஷத்துக்கு ஒண்ணு. அவரு போய்ச் சேந்து நூறு வருஷம் தாண்டிடுச்சு, பாட்டில் இன்னும் மிச்சம் இருக்கு. 2021 ஏப்ரல்ல விடியறதுக்கு முன்னாடி இருட்டுல போயித் தோண்டினாங்க, வெளிச்சம் பட்டா மிச்ச பாட்டில் விதையும் எழுந்துடும்னு. 141 வருஷம் கழிச்சு அதுல சுமார் 20 விதை முளைச்சுது. முளைச்சது யாருன்னா நம்ம மல்லினோட அண்ணன் தம்பி, மாத் மல்லின், வெர்பாஸ்கம் பிளாட்டாரியா. அதுல ஒண்ணு மரபணு சோதனைல மாத் மல்லினுக்கும் சாதா மல்லினுக்கும் பொறந்த கலப்புன்னு தெரிஞ்சுது. அடுத்த பாட்டில் 2040.

இதை எதுக்கு இவ்வளவு நீட்டினேன்னா, ஒரு மல்லின் செடி ஒரு லட்சத்துல இருந்து ஒண்ணே முக்கால் லட்சம் விதை வரைக்கும் போடும். நான் பட்ட பாடு: ஒரு தண்டை "குருவிக்கு இருக்கட்டும்"னு குளிர்காலம் முழுக்க விட்டேன், கோல்ட்ஃபிஞ்ச் வந்து தொங்குச்சு, குட்டி மரங்கொத்தி வந்து காயைக் கொத்துச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த வருஷம் பக்கத்துல காய்கறிப் பாத்திக்கு மண்ணு கிளறினேன், மே கடைசில எண்ணிப் பாத்தேன், ஒரு சதுர அடில நாப்பது நாத்து. இப்பவும் நான் அங்க மண்வெட்டி போட்டா பத்து வந்துடும். ஒரே ஒரு நல்ல விஷயம், விதைக்கு இறக்கை கிடையாது, காத்துல தண்டு ஆடறப்ப பக்கத்துலயே கொட்டும், பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்ள. கொலராடோவுலயும் ஹவாய்லயும் இதைத் தீங்கான களைன்னு பட்டியல்லயே வச்சிருக்காங்க, ஹவாய்ல எரிமலைச் சரிவு வரைக்கும் ஏறிடுச்சு. அந்த ஊர்ல இருக்கறவங்க இதை நட வேணாம்.

அதனால மத்தவங்களுக்கும் சொல்றேன், பூ முக்கால்வாசி முடிஞ்சு கீழ்க்காய் பழுப்பு ஆக ஆரம்பிக்கறப்ப தண்டை வெட்டி ஒரு பைல போட்டுக் கட்டிடுங்க, காம்போஸ்ட்ல போடக் கூடாது. குருவிக்கு வேணும்னா ஒரே ஒரு தண்டு, அதுவும் சரளை மேல, கிளறாத இடத்துல. வேண்டாத நாத்தை மழை பேஞ்ச மறுநாள் வேரோட இழுத்தா வழுக்கிட்டு வரும், பெருசுன்னா கத்தியை மண்ணுக்குள்ள விட்டு குருத்துக்குக் கீழ அறுக்கணும், மேல அறுத்தா மறுபடி துளுக்கும். மிச்ச இடத்துல ரெண்டு இஞ்ச் மரச்சீவல் போட்டு மூடிட்டா வெளிச்சம் இல்லாம எதுவும் வராது.

உங்க தொட்டிக்கு வர்றேன். அந்த மண்ணைத் தூக்கிக் கொட்டிடலயே? புது விதை வாங்காதீங்க. மூணு தடவ போட்ட விதையும் அதுக்குள்ளதான் இருக்கு. ஒரு முள்கரண்டியால மேல ரெண்டு இஞ்சை நல்லா கிளறி விட்டு, மட்டம் பண்ணி, ஸ்ப்ரே அடிச்சு, வெயில் படற ஜன்னல்ல வைங்க. ரெண்டு மூணு வாரம் பாருங்க, அப்படியே கும்பலா வரும், அதுல திடமா ரெண்டே ரெண்டு மட்டும் வச்சுக்கிட்டு, நாலு இலை ஆனதும் டிரைவ்வே ஓரத்துக்கு மாத்திடுங்க. அப்புறம் அந்த மிச்ச தொட்டி மண்ணை மட்டும் தயவுசெஞ்சு காய்கறிப் பாத்தில கொட்டிடாதீங்க.